பதினான்காம் கட்டம் காலியாக இருக்கக் கூடாது

எங்கள் நிறுவனத்தின் ரகசியம் சிம்மக்கல் பஸ் ஸ்டாப்பில் இறங்கினாலே தெரியும். ஜெராக்ஸ் கடை மாடியில், அந்தக் கடையின் போர்டைவிட இரண்டு மடங்கு பெரிதாக, மஞ்சளில் கறுப்பு எழுத்து: 'வல்லூறு துப்பறியும் நிறுவனம். திருமண விசாரணை எங்கள் சிறப்பு. ரகசியம் காக்கப்படும்.' பக்கத்தில் ஒரு வல்லூற்றின் படம். வரைந்தவருக்குக் கோழி வரைந்துதான் பழக்கம் போலிருக்கிறது. விசாரிக்கச் சொல்லி வரும் கட்சிக்காரர்கள் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வருவார்கள். கீழே டீக்கடையில் நிற்கிறவர்கள், "மாடிக்கா? லெப்டுல படி" என்று கேட்காமலே வழி சொல்வார்கள்.

அங்கே நான் நான்கு மாதம் துப்பறிந்தேன்.

என் பெயர் தமிழ்வாணி. சோழவந்தான் பக்கம். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வெற்றிலைக் கொடிக்காலில் கூலி வேலை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதை நானாகச் சொல்லவில்லை. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மூன்று பேர் விசாரித்து, எனக்கு முன்னால் எங்கள் குடும்பத்தில் ஒருத்தரும் பட்டம் வாங்கவில்லை என்று முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே விசாரணை என்றால் என்னவென்று வேலைக்குச் சேரும் முன்பே எனக்குத் தெரியும். என்ன, அதுவரை நான் விசாரிக்கப்படுகிற பக்கம் நின்றிருந்தேன். குற்றவியல் படித்தவளுக்கு மதுரையில் கிடைத்த வேலை இது ஒன்றுதான். எடுத்துக்கொண்டேன்.

நிறுவனத்தின் டைரக்டர் அழகுபாண்டி சார். அறுபத்திரண்டு வயது. பஸ்ஸில் ஏறி டிக்கெட் பரிசோதிக்கும் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றாரே தவிர, பஸ்ஸை விட்டு இறங்கவில்லை.

"ஏம்மா, முப்பத்தோரு வருச சர்வீஸு" என்றார் முதல் நாள். "முன்னாடிப் படில காலு வைக்கிறப்பவே பின் சீட்டுல எவன் டிக்கெட் எடுக்கலனு தெரிஞ்சிரும். மூஞ்சி சொல்லிரும். டிக்கெட் எடுத்தவன் மூஞ்சியும் சொல்லும், இன்னைக்கு எடுத்துருக்கேன், நாளைக்கு எடுக்க மாட்டேன்னு."

"அப்ப டிக்கெட் எடுத்தவரையும் சந்தேகப்படணுமா சார்?"

"சந்தேகம் இல்லம்மா. அவனுக்கும் ஒரு வாய்ப்புக் குடுக்குறோம்."

பிறகு சத்தியப் பிரமாணம். ஒரு பழைய வருகைப் பதிவேட்டின் மேல் கை வைத்து, அவர் சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொல்ல வேண்டும். 'நான் யார் என்பதை யாரிடமும் சொல்ல மாட்டேன். உடன் பணிபுரியும் விசாரணையாளர் யார் என்பதையும் சொல்ல மாட்டேன். களத்தில் அவரை நேருக்கு நேர் பார்த்தாலும் தெரிந்தவராகக் காட்டிக்கொள்ள மாட்டேன்.' குரல் பத்தவில்லை என்று மூன்று முறை சொல்ல வைத்தார். கீழே இறங்கியபோது டீ மாஸ்டர் கேட்டார்: "சத்தியம் முடிஞ்சதாம்மா? டீ போடவா?"

எல்லா விசாரணையாளர்களுக்கும் பறவைப் பெயர். எனக்கு மைனா. மூத்த விசாரணையாளர் சேக் மைதீன் பாய்க்கு ஆந்தை. பெயரைக் காக்க வேண்டிய டைரக்டரே ஜன்னலில் தலையை நீட்டி, "மைனா! வரும்போது ரெண்டு வடை வாங்கிட்டு வா!" என்று தெருவுக்கே கத்துவார். களத்துக்குப் போக ஆபீஸ் பைக் ஒன்று உண்டு. அதன் பெட்ரோல் டேங்கில் அந்தக் கோழியும் நிறுவனத்தின் பெயரும் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். ரகசியமாகப் போகும் வண்டிக்கு ஸ்டிக்கர் எதற்கு என்று கேட்டேன். "விளம்பரம் இல்லாம தொழில் எப்படிம்மா நடக்கும்?" என்றார்.

மூன்று நாள் பயிற்சி. எப்படி நிற்பது, எங்கே உட்காருவது, பேப்பரை எந்த உயரத்தில் பிடிப்பது. உண்மையைச் சொன்னால் துப்பறிவது என்பது நிற்பதுதான். காலை எட்டிலிருந்து மூன்று மணி வரை ஒரு வேப்பமரத்தடியில், வேலையே இல்லாதவள் மாதிரியும் இருக்கக் கூடாது, வேலை இருக்கிறவள் மாதிரியும் இருக்கக் கூடாது. நடுவில் அவசரத்துக்கு எங்கே போவது என்று கேட்டேன். டைரக்டர் சீலிங் ஃபேனைப் பார்த்தார். "ஆம்பளைங்க எங்கயாச்சும் ஒதுங்கிக்குவாங்க. நீ… நீ தண்ணி குடிக்காத." பெண் விசாரணையாளர்களுக்கான பயிற்சி அத்தோடு நிறைவுற்றது.

அடுத்தது படிவம். அதற்குப் பெயர் வி-ஏழு. மொத்தம் இருபத்திரண்டு கட்டங்கள். வேலைக்கு ஒரு கட்டம், உடல்நிலைக்கு ஒரு கட்டம், குணத்துக்கு ஒரு கட்டம். சாதிக்கு நான்கு. அவர்கள் சொன்னது, ஊர் சொன்னது, தாய்வழி, உறுதி செய்யப்பட்டது. விசாரிக்கப்படுகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுத ஒரு கட்டமும் இல்லை.

பதினான்காம் கட்டத்தின் தலைப்பு 'குறைகள்'. கீழே சின்ன எழுத்தில், 'குறைந்தது இரண்டு'.

"குறையே இல்லைனா சார்?"

டைரக்டர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "ஒரு பஸ்ஸுல அறுபது பேரு. ரெண்டு பேராச்சும் டிக்கெட் எடுத்துருக்க மாட்டான். அறுபது பேரும் எடுத்துருந்தா என்ன அர்த்தம்?"

"எல்லாரும் நல்லவங்கனு அர்த்தம்."

"செக்கிங் இன்ஸ்பெக்டர் சரியில்லனு அர்த்தம்."

ஆடி மாதக் கடைசியில் ஆர்த்திகாவின் கோப்பு வந்தது. கட்சிக்காரர் திருமங்கலத்தில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கும் பேயாண்டி. அவருடைய மகன் சித்தார்த்துக்குக் கோச்சடையில் பெண் பேசி, பூவும் வைத்துவிட்டார்கள். ஆவணி இருபதாம் தேதி நிச்சயதார்த்தம். பெண் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீசியன். அப்பா இல்லை. அம்மா தையல். பூ வைத்த பிறகு எதற்கு விசாரணை என்றேன். "பூ வச்சது மனசுக்கு. ரிப்போர்ட்டு பீரோவுக்கு" என்றார் டைரக்டர். பூ வைத்த பெண்ணை ஒருவர் வேண்டாமென்றால் அந்தத் தெருவில் அவள் பெயர் என்னவாகும் என்பதற்கு வி-ஏழில் கட்டம் இல்லை.

கோச்சடைக்குப் போனேன், வாடகைக்கு வீடு தேடுகிறவளாக. தெருமுனையில் சின்னத்தாய் என்ற அம்மாவின் இஸ்திரி வண்டி. பயிற்சியில் சொல்லியிருந்தார்கள், எந்தத் தெருவிலும் இஸ்திரி வண்டியிடம் எல்லா வீட்டு அழுக்கும் வந்து சேரும் என்று.

"அக்கா, இந்தத் தெருவுல வீடு ஏதும் வாடகைக்கு இருக்கா? மூணாவது வீட்டுல ஆர்த்திகானு ஒரு பொண்ணு இருக்குதாமே, எப்படி அவுக?"

"நல்ல புள்ள. நீ எந்த ஊரு தாயி?"

"சோழவந்தான்."

"சோழவந்தான்ல எந்தப் பக்கம்?"

"ஊருக்குக் கிழக்க."

"கிழக்கனா ஊருக்குள்ளயா, காலனியா?"

நான் கைப்பையில் எதையோ தேடினேன்.

"அப்பா என்ன பண்றாரு?"

"கொடிக்கால்."

"சொந்தக் கொடிக்காலா, கூலிக்கா?"

"கூலிக்கு."

சின்னத்தாய் பெட்டியை ஒரு சட்டைக் காலரில் அழுத்தி இழுத்தார். "இந்தத் தெருவுல வீடு எதுவும் காலி இல்ல தாயி." அவர் தலைக்கு மேலேயே கேட்டில் 'டூலெட்' தொங்கிக்கொண்டிருந்தது.

நான் இரண்டு கேள்வி கேட்டேன். என் நான்கு கட்டத்தையும் அவர் மூன்றே நிமிடத்தில் நிரப்பிவிட்டார். பயிற்சி இல்லை, படிவம் இல்லை, சத்தியம் இல்லை. அழகுபாண்டி சார் அவரைத்தான் வேலைக்கு எடுத்திருக்க வேண்டும்.

இருந்தாலும் நின்றேன். ஆர்த்திகா காலை எட்டு பத்துக்கு ஸ்கூட்டியில் கிளம்புகிறாள். ஹெல்மெட் போடுகிறாள். ஐந்தரைக்கு வருகிறாள். சின்னத்தாயிடம் துணி கொடுக்கும்போது, "வேளா வேளைக்குச் சாப்பிடுறியாக்கா?" என்று கேட்கிறாள். மூன்று நாள் இதையே பார்த்தேன். அறிக்கை எழுதினேன். பதினான்காம் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன்.

டைரக்டர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், நோட்டு செல்லுமா என்று பார்ப்பது மாதிரி. "காலி."

"காலி இல்ல சார். 'இல்லை'னு எழுதிருக்கேன்."

"அதுதாம்மா காலி. மறுபடி போ."

மறுபடி போனேன். இந்த முறை சத்துமாவு விற்கிறவளாக. சின்னத்தாய் தூரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். "என்னத்தா, வீடு பாத்த, இப்ப மாவு விக்கிற. அந்தப் புள்ளயவே ஏன் சுத்திச் சுத்திக் கேக்குற?"

இரண்டாவது அறிக்கையில் கண்ணில் பட்டதை எழுதினேன். 'குறை ஒன்று: ஹெல்மெட் வாரை மாட்டாமலே வண்டியை எடுக்கிறார். குறை இரண்டு: தயிர் பாக்கெட்டாக வாங்குகிறார்.'

டைரக்டர் ரொம்ப நேரம் படித்தார். தயிரைப் பற்றி மட்டும் யோசித்தார். "பாக்கெட் தயிரு… வீட்டுல உறை ஊத்தத் தெரியலனு வருது. ஆனா வெயிட்டு இல்லையேம்மா. மறுபடி போ."

எனக்குத் தெரியாமல் அவர் இன்னொன்றும் செய்தார். அதற்குக் 'குறுக்குச் சரிபார்ப்பு' என்று பெயர். பஸ்ஸில் ஒரு இன்ஸ்பெக்டர் இறங்கிய மூன்றாவது ஸ்டாப்பில் இன்னொரு இன்ஸ்பெக்டர் ஏறுவாராம். முதல் ஆள் ஏறினது இரண்டாவது ஆளுக்குத் தெரியக் கூடாதாம். அந்த முறைப்படி மைதீன் பாயும் கோச்சடைக்கு அனுப்பப்பட்டார்.

வியாழக்கிழமை காலை நான் வேப்பமரத்தடியில் நிற்கிறேன், எதிர்ச்சாரியில் ஆபீஸ் பைக்கின் மேல் உட்கார்ந்து மைதீன் பாய் பேப்பர் படிக்கிறார். கோழி ஸ்டிக்கர் வெயிலில் மின்னுகிறது. நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். சத்தியம் பண்ணியிருக்கிறோமே. இருவரும் திரும்பிக்கொண்டோம்.

அன்றைக்கு ஆர்த்திகாவுக்கு வார விடுமுறை. மணி ஒன்றரை இருக்கும். காலையிலிருந்து நின்றதில் எனக்கு அடிவயிறு கல்லாகிவிட்டது. காலை மாற்றி மாற்றி நின்றேன். மூன்றாவது வீட்டுக் கதவு திறந்தது. ஆர்த்திகா நேராக என்னிடம் வந்தாள்.

"பாத்ரூம் போகணுமா?"

பயிற்சியில் இதற்குப் பதில் சொல்லித் தரவில்லை.

"போன வாரத்துலேர்ந்து பாக்குறேன், ஒத்தைல நிக்கிறீங்க. எங்க லேபுல வர்றவங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியும் எனக்கு. வாங்க."

போனேன். கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் போகாமல் இருக்க முடியாது. திரும்பி வந்தபோது ஒரு செம்பில் தண்ணீர் வைத்திருந்தாள். அவளுடைய அம்மா தையல் மிஷினிலிருந்து எழுந்திருக்காமல், "உக்காருத்தா" என்றார்.

"நீங்க வல்லூறுதானே?" என்றாள் ஆர்த்திகா.

"எப்படித் தெரியும்?"

"ரெண்டு பேரும் எங்க வீட்டையே பாக்குறீங்க. அந்தண்ணன் வண்டில ஒட்டிருக்கே. கோழி போட்டு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள். பிறகு அவள் சிரிப்பு நின்றது.

"என்ன தெரியணும்க்கா உங்களுக்கு? என்னக் கேட்டா நானே சொல்லிருப்பேனே. சித்தார்த்கிட்ட எல்லாம் சொல்லிருக்கேன். அப்பா எப்படிச் செத்தாருங்கிறதுலேர்ந்து எனக்கு வீசிங் வர்றது வரைக்கும். அவரும் சொல்லிருக்காரு. அதுக்கு மேல என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம்" என்றேன். "ஒரு குறையும் இல்லனுதான் எழுதிருக்கேன்."

"அப்புறம் ஏன் திரும்ப வந்தீங்க?"

தண்ணீரைக் குடித்துவிட்டு வெளியே வந்தேன். மைதீன் பாய் கடிகாரத்தைப் பார்த்துப் பேப்பரின் ஓரத்தில் ஏதோ எழுதினார்.

ஆவணி பதினைந்தாம் தேதி டைரக்டர் என்னைக் கூப்பிட்டார். மேஜையில் அறிக்கை டைப் அடித்துத் தயாராக இருந்தது. முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. "கெடச்சிருச்சு வாணி. ரெண்டு."

படித்தேன்.

'குறை ஒன்று: பச்சை சுடிதார் அணிந்த, சோழவந்தான் காலனியைச் சேர்ந்த, அடையாளம் தெரியாத பெண் ஒருவர் மேற்படியாரைத் தேடிப் பலமுறை, பல வேடங்களில் தெருவுக்கு வந்துள்ளார். மேற்படியார் அவரை வீட்டுக்குள் அழைத்துச் சென்று ஏழு நிமிடம் வைத்திருந்தார். ஆதாரம்: ஆந்தை.

குறை இரண்டு: நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஆண் ஒருவர் மேற்படியாரின் வீட்டெதிரே பைக்கில் தினமும் மணிக்கணக்கில் காத்திருக்கிறார். ஆதாரம்: திருமங்கலம் கிளை.'

திருமங்கலம் கிளை என்பது டைரக்டரின் மச்சினரும் அவருடைய செல்போனும். குறுக்குச் சரிபார்ப்புக்கும் ஒரு குறுக்குச் சரிபார்ப்பு வேண்டுமென்று, கோச்சடைத் தெருமுனை மளிகைக் கடைக்கு அவர் போன் போட்டுக் கேட்டிருக்கிறார். மளிகைக்கடைக்காரர் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்லியிருக்கிறார்.

"சார், பச்சை சுடிதார் நான்."

"எது?"

"முதல் குறை. அது நான்தான். ரெண்டாவது குறை மைதீன் பாய். அந்தா உக்காந்துருக்காரு."

மைதீன் பாய் சுவரில் இருந்த காலண்டரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார், என்னை முன்பின் தெரியாதவர் மாதிரி.

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "நீ இப்ப என்ன பண்ணிருக்க தெரியுமா? ஒரே மூச்சுல ரெண்டு ஏஜென்ட்ட வெளிப்படுத்திட்ட."

"யாருகிட்ட சார்? உங்ககிட்டதானே?"

"எனக்குத் தெரியலாம். நிறுவனத்துக்குத் தெரியக் கூடாது."

"சரி, அது நம்ம ஆளுங்கதான்னு அறிக்கையில ஒரு வரி எழுதிருவோம்."

"எழுதுனா?" அவர் எழுந்தே விட்டார். "ரகசியம் காக்கப்படும்னு போர்டு வச்சிருக்கேன், லைட்டு போட்டு. நாளைக்கு ஒரு கட்சிக்காரன் வந்து, யோவ், உன் ஆளு யாருனு நீயே எழுதிக் குடுக்குறியேன்னு கேட்டா என் மானம் என்னாகுறது? அடையாளம் தெரியாத பெண்ணு அடையாளம் தெரியாமத்தான் இருக்கணும். அதுதான் உனக்குப் பாதுகாப்பு, எனக்கு மரியாதை."

"அந்தப் பொண்ணுக்கு?"

டைரக்டர் நிஜமாகவே குழம்பிப்போய்க் கோப்பைப் புரட்டிப் பார்த்தார். "அது நம்ம கட்சிக்காரர் இல்லையேம்மா."

மாலையில் மைதீன் பாய் படியில் என்னை நிறுத்தினார். "வாணிம்மா, கோவிச்சுக்காத. கட்டம் காலியா இருந்தா அவரு விட மாட்டாரு. வேற என்ன எழுதுறதுனு தெரியல. உம்பேரை எழுதலயே நான். அடையாளம் தெரியாத பெண்ணுனுதான் எழுதுனேன்."

"சோழவந்தான் காலனினு எழுதிருக்கீங்க பாய்."

"அது இஸ்திரி வண்டியம்மா சொன்னது. நாலு கட்டமும் சொன்னுச்சு." தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். "எனக்கும் ரூபினானு ஒண்ணு வீட்டுல இருக்கு. அதுக்கு எவன் வந்து எந்த மரத்தடில நிக்கப் போறானோ, அல்லா."

அறிக்கை அன்று மாலையே திருமங்கலத்துக்குப் போய்விட்டது. மறுநாள் லீவு போட்டுவிட்டு அதே பச்சை சுடிதாரை உடுத்திக்கொண்டு திருமங்கலம் பஸ் ஏறினேன். கண்டக்டர் கேட்குமுன்பே டிக்கெட் எடுத்தேன்.

பேயாண்டி கடையில் புண்ணாக்கு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். மேஜையில் எங்கள் அறிக்கை. மடித்து மடித்து ஓரம் நைந்துபோயிருந்தது. ஒரே ராத்திரியில் எத்தனை பேர் படித்தார்களோ.

"ஐயா, நான் வல்லூறுலேர்ந்து வாரேன். அதுல போட்டிருக்கிற பச்சை சுடிதார் நான்தான். பைக்கு ஆளும் எங்க ஆளுதான். அந்தப் பொண்ணுகிட்ட ஒரு குறையும் இல்ல. நல்ல பொண்ணு. நாங்க போய் நின்னதத்தான் குறைனு எழுதிருக்கோம்."

அவர் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. "வீட்டுக்குள்ள ஏழு நிமிசம்னு போட்டுருக்கே?"

"பாத்ரூம் போனேன்."

"பாத்ரூம் போறதுக்கு ஏழு நிமிசமா?"

"காலைலேர்ந்து நின்னா ஆகும் ஐயா."

அவர் தாடையைத் தடவினார். "சரி, நீ சொல்ற மாதிரியே இருக்கட்டும். ஆனா அந்தத் தெருவே பேசுதாமே?"

"பேச வச்சதே நாங்கதான்."

"யாரு வச்சா என்னம்மா? பேச்சு பேச்சுதானே. நாளைக்கு நான் பந்தியில நிக்கிறப்ப ஒருத்தன் கேட்டா, அது துப்பறியுற ஆளுங்கப்பா, நான்தான் அனுப்புனேன்னா சொல்லுவேன்? பூ வச்ச பொண்ணுக்குப் பின்னாடி ஆளு விட்டவன்னு என்னையத்தான பேசுவான்." என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ எந்த ஊரு? சோழவந்தான்ல எந்தப் பக்கம்?"

"காலனி. அப்பா அம்மாவுக்குக் கூலிக் கொடிக்கால். தாய்வழியும் அதேதான். உறுதி செய்யப்பட்டது. எழுதிக்கோங்க."

அவர் எழுதவில்லை. மெதுவாகக் கேட்டார்: "உனக்கும் அந்தப் பொண்ணுக்கும் என்ன பழக்கம்? நீ ஏன் அதுக்காக இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வந்து பரிஞ்சு பேசுற?"

உண்மையைச் சொல்ல ஒருத்தி பஸ் ஏறி வருவாள் என்பதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. நான் படியிறங்கும்போதே அவர் சிம்மக்கல்லுக்கு போன் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆபீசில் எனக்கு முன்னால் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. 'குறை மூன்று: விசாரணையாளரையே தன் பக்கம் இழுத்துவிட்டார்.' ஒரு கோப்பில் மூன்று குறை வருவது இதுதான் முதல் தடவை என்று டைரக்டருக்கு ஒரு பக்கம் சந்தோஷம். மறுபக்கம், சத்தியத்தை மீறியதற்காக என்னை வேலையை விட்டு நீக்க வேண்டும். நீக்க வேண்டுமானால் என்னை விசாரிக்க வேண்டும். புதிதாக ஒரு வி-ஏழை எடுத்து என் பெயரை எழுதினார்.

"பதினாலாவது கட்டத்துக்குச் சிரமமே இல்லம்மா" என்றார், ஆறுதலாக.

"குடுங்க சார்" என்று நானே வாங்கி, அந்தக் கட்டத்தில் எழுதினேன்: 'ஒன்று, இங்கே வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டு, நான்கு மாதம் இருந்தேன்.' கையெழுத்துப் போட்டேன், மைனா என்றல்ல, தமிழ்வாணி என்று. வரும்போது மேஜையிலிருந்த எழுதாத படிவம் ஒன்றையும் எடுத்துக்கொண்டேன். யாரும் தடுக்கவில்லை. படிவம் திருடுகிறவளைப் பிடிக்க அந்த நிறுவனத்தில் ஆள் இல்லை.

ஆவணி இருபதாம் தேதி காலை கோச்சடைக்குப் போனேன். நிச்சயதார்த்தம் நடக்க வேண்டிய நாள். ஆர்த்திகா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஹெல்மெட் வாரை அன்றைக்கு மாட்டியிருந்தாள்.

"சித்தார்த் போன் பண்ணாரு" என்றாள் என்னைக் கண்டதும். "அப்பா சொல்றாருனு சொன்னாரு. என்ன சொல்றாருனு கேட்டேன். அத எங்கிட்ட சொல்ல முடியாதாம். ரகசியமாம்."

நான் படிவத்தை நீட்டினேன். ராத்திரி பூராவும் உட்கார்ந்து எழுதியது. சாதிக் கட்டங்கள் நான்கையும் குறுக்கே அடித்திருந்தேன். பதினான்காம் கட்டத்தில், 'இல்லை. நேரில் பார்த்தேன், நேரில் கேட்டேன். ஒரு குறையும் இல்லை' என்று எழுதி, கீழே என் முழுப்பெயர், ஊர், செல் நம்பர்.

அவள் வண்டியில் உட்கார்ந்தபடியே முழுக்கப் படித்தாள். கண் கலங்கும் என்று நினைத்தேன். அவள் சிரித்தாள், சரியான கோபத்தில்.

"இத நான் யாருகிட்டக்கா காட்டுறது? அடுத்த மாப்பிள்ளை வீட்டுக்காரன்கிட்டயா? எம்மேல குறை இல்லனு நான் கையில பேப்பர் வச்சுக்கிட்டுத் திரியணுமா?"

அவள் படிவத்தை என் கையில் திணித்துவிட்டு, "லேபுக்கு நேரமாச்சு" என்று வண்டியை எடுத்தாள். எட்டு பத்து. ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை.

சின்னத்தாய் இஸ்திரிப் பெட்டியில் கரியை ஊதிக்கொண்டே இதெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னத்தா பேப்பரு அது?"

கொடுத்தேன். எழுத்து தெரியாது அவருக்கு. முன்பக்கம், பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். இருபத்திரண்டு கட்டங்களையும் விரலால் தடவினார்.

"என்ன எழுதிருக்கு?"

"அந்தப் பொண்ணுமேல ஒண்ணும் இல்லனு எழுதிருக்கு."

"ஒண்ணும் இல்லங்கிறதுக்கா இம்புட்டுப் பெரிய பேப்பரு?"

தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பெட்டியைச் சட்டத்தின் மேல் வைத்தார். என் முழங்கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்து, குரலை இறக்கினார்.

"யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் தாயி. எங்கிட்ட மட்டும் சொல்லு. நெசமா அந்தப் புள்ளகிட்ட என்னதான் கோளாறு?"